சேர்ட்டிபிகேட் இல்லாத நீலக் கார்

ஒக். 7, செவ்வாய்

காலையில் வெயில். பதினொரு மணிக்கே இருட்டிக்கொண்டு வந்து கொட்டு கொட்டென்று மழை. டிஸ்பென்சரியில் கூட்டம் குறைவு. அட்டைக் கடி புண்ணாகி வந்தவர்கள், பிரஷர் மாத்திரைக்காரர்கள், லீவுக்காக மட்டும் இருமுகிற ஒருவர். அவருக்கும் சிரப் கொடுத்தேன், இருப்பதிலேயே கசப்பானதாகப் பார்த்து.

மகள் மெர்லினின் வகுப்பு நேரம் மாறிவிட்டது. ஏ.எல். பரீட்சைக்கு உயிரியலைத் தமிழில் சொல்லித்தரும் வாத்தியார் கிடைப்பதே இந்தப் பக்கம் பெரிய பாடு. கிடைத்த ஒருவரும் இரத்தினபுரியில். அவர் இனி மாலையில்தான் வகுப்பு என்று சொல்லிவிட்டார். மெ. வகுப்பு முடிந்து பஸ் பிடித்து கஹவத்தைக்கு வர ஏழு மணியாகும். மேலே தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் கடைசி பஸ் ஐந்தரைக்கே போய்விடும். அதற்குப் பிறகு ஏற்றம், இறப்பர் காடு, காட்டுப்பன்றி.

மோட்டர் சைக்கிளில் கூட்டி வருகிறேன் என்றேன். போன மாதம் களிமண் வளைவில் அப்பனும் மகளும் சறுக்கி விழுந்ததை மனைவி ரெஜினா நினைவுபடுத்தினாள். நினைவுபடுத்தத் தேவையில்லை, முழங்கால் இன்னும் முனகுகிறது. தினமும் இருட்டில் பிள்ளையைத் தனியாக ஆட்டோவில் ஏற்றிவிட இருவருக்கும் மனமில்லை.

ஆக இரண்டு வழி. இரத்தினபுரி டவுனில் சிஸ்டர்மார் நடத்தும் விடுதி. இல்லையென்றால் ஒரு கார். விடுதி சிஸ்டர் போனில் தன்மையாகத்தான் பேசினார். "ஒரு கட்டில்தான் மிச்சம் இருக்கு. பத்தொன்பதாம் தேதி ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லிருங்க."

மெ.யிடம் கேட்டோம். "எதுன்னாலும் சரிப்பா." எதுவானாலும் சரி என்பவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை.

எனக்கு விடுதி வேண்டாம். இங்கேயாவது எழுதி வைக்கிறேன். ஒரே பிள்ளை. இன்னும் இரண்டு வருஷம் இராச் சாப்பாட்டுக்கு மூன்று தட்டு இருக்கட்டும்.

விடுதித் துணியில் எல்லாம் பெயர் தைத்திருக்க வேண்டுமாம். ரெ. சிவப்பு நூலை எடுத்துத் துவாயில் 'மெ' என்று தைக்கத் தொடங்கிவிட்டாள். "கார் அமையலன்னா கடைசி நேரத்துல ஒக்காந்து தைக்கவா?" என்கிறாள். பார்க்கப் பிடிக்காமல் வெளியே போய் நின்றேன். கோழிக்கூட்டுக் கதவு உடைந்திருக்கிறது.

ஒக். 8, புதன்

மழை இல்லை. கோழிக்கூடு சரி செய்தேன். கட்டைவிரலில் சுத்தியல்.

அருள்தாஸ் அண்ணன் வந்தார். பெக்டரியில் தேயிலை பதப்படுத்தும் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர், மெ.யின் ஞானத்தகப்பன். கொழும்புப் பக்கம் மகள் வீட்டோடு போய்விடப் போகிறார். நீலக் காரை விற்கிறாராம். "வெளியாளுக்கு குடுக்கறதுக்கு முன்ன ஒங்ககிட்ட ஒரு வார்த்த கேக்கணும்ல, தம்பி."

ரெ. முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அவளுக்கு ஆள் தெரிந்தால் போதும். எனக்கு அப்படி இல்லை. பிஸ்கட் பக்கெட்டையே திருப்பித் திகதி பார்க்காமல் உடைக்காதவன் நான். என் தொழில் அப்படி. முத்திரை இல்லாத மருந்து மருந்தே இல்லை. இரத்தினபுரியில் ஒரு கார் விற்கிற இடத்தில் 'சேர்ட்டிபைட்' கார்கள் இருக்கின்றனவாம். ஒவ்வொன்றையும் பரிசோதித்து, கையெழுத்து வைத்து, ஆறு மாத உத்தரவாதத்தோடு தருகிறார்களாம்.

"அங்கயும் பாத்துட்டு முடிவு எடுப்போம்" என்றேன் ரெ.யிடம்.

"அண்ணன் காருக்கு என்னா கொற?"

"கொற இல்லன்னு எழுதித் தருவாரா?"

அதற்குப் பிறகு கறியில் உப்புக் கூடிவிட்டது. தற்செயலாக இருக்கலாம்.

ஒக். 9, வியாழன்

அரை நாள் லீவு. நானும் ரெ.யும் இரத்தினபுரி.

வெள்ளைக் கார். சின்னது, மினுமினுப்பு, உள்ளே புதுச் செருப்புக் கடை வாசம். நிலூஷி என்று ஒரு பெண் பிள்ளை காட்டினாள். எல்லாம் சிங்களத்தில், பொறுமையாக. பரிசோதனை ரிப்போர்ட் பல பக்கம், ஒவ்வொரு வரிக்கும் பச்சை நிறத்தில் சரி அடையாளம். எனக்கு அதைக் கையில் வைத்திருக்கவே ஆசையாக இருந்தது.

டவுனைச் சுற்றி ஓட்டிப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரிப் போனது. திரும்பி வந்து யார்டில் நிறுத்தினேன், இறங்கினேன், பக்கத்தில் கிடந்த கல்லை எடுத்துப் பின் டயருக்கு வைத்தேன். தோட்டத்து ஏற்றத்தில் வண்டி நிறுத்துகிற எவனும் செய்வதுதான், கை அதுவாகச் செய்துவிட்டது. யார்டோ கொங்கிரீட் போட்ட சமதரை. நிலூஷி கவனிக்காமல் ஏறிப் பின்னால் எடுத்தாள். கார் கல்லின்மேல் ஏறி 'தொம்' என்று இறங்கியது. எல்லாரும் ஓடி வந்து குனிந்து பார்த்தார்கள். காருக்கு ஒன்றுமில்லை. எனக்குத்தான் காது இரண்டும் சுட்டது.

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்: "மாத்தயாலாகே பார கொஹொமத?" உங்கள் ரோடு எப்படி, ஐயா என்று. ஏற்கெனவே கல் வைத்து மானம் போயிருக்கிறது. இதில் பள்ளமும் களிமண்ணும் என்று வேறு சொல்ல வேண்டுமா? "ஹொந்தய்" என்றேன். நல்ல ரோடு. ரெ. முழங்கையால் இடித்தாள்.

அப்படியானால் இந்தக் கார் உங்களுக்கு மிகவும் பொருத்தம் என்றாள் நிலூஷி.

பஸ்ஸில் ரெ. எஹலியகொடப் பக்கத்து அம்மா ஒருவரோடு மரக்கறி விலை பேசிக்கொண்டு வந்தாள். எனக்கு முதுகுதான் தெரிந்தது.

ஒக். 10, வெள்ளி

வெள்ளை: சேர்ட்டிபிகேட், உத்தரவாதம், முதல் சர்விஸ் இலவசம். வயிறு கொஞ்சம் தாழ்வு.

நீலம்: பழசு. உயரம். உத்தரவாதம் இல்லை. அண்ணன்.

விலை கிட்டத்தட்ட ஒன்றுதான், வங்கிக் கடன் எதற்கும் கிடைக்கும். அந்தக் கவலை இல்லை.

ரெ. எட்டிப் பார்த்தாள். "வயிறு கொஞ்சம் தாழ்வாமே. நம்ம ரோட்டுல எரும மாடே வயித்த எக்கிக்கிட்டுத்தான் நடக்குது."

மத்தியானம் டிஸ்பென்சரி பெஞ்சில் இரண்டு பெண்கள். நான் உள்ளே மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"டீமேக்கர் ஐயா கார விக்கிறாராம்ல."

"அது வெள்ளத்துல நின்ன காருடி. டவுன்ல தங்கச்சி வீட்டுல நிப்பாட்டி, தண்ணியில ஊறிப் போச்சுன்னு சொன்னாங்க."

மாத்திரை எண்ணிக்கை தவறிவிட்டது. மறுபடி முதலிலிருந்து.

இரத்தினபுரி வெள்ளத்தில் நின்ற கார் என்றால் என்ன என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. வெளியே கழுவிப் பளபளக்கும். ஒரு நாள் மழையில், ஏற்றத்தில், நின்றுவிடும். அந்த ஒரு நாள் இருட்டில் மெ. உள்ளே இருப்பாள்.

அண்ணனிடம் எப்படிக் கேட்பது? பிள்ளையைக் கையில் ஏந்தி ஞானஸ்நானத்துக்கு நின்றவர். அவரிடம் போய் உங்கள் கார் நனைந்ததா என்று கேட்டால், நீங்கள் மறைக்கிறீர்களா என்று கேட்ட மாதிரி. தோட்டத்தில் அப்படிக் கேட்க மாட்டோம். வேண்டாம் என்று சொன்னாலும் ஏன் என்பார். வெள்ளைக் காருக்கு இந்தத் தொல்லையே இல்லை.

ரெ.யிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் தையலில் தலையணை உறைக்கு வந்துவிட்டாள்.

ஒக். 11, சனி

இன்று நடந்ததை எழுதக் கை கூசுகிறது. இருந்தாலும்.

ஜெபமாலை மாதம். மாதா சுரூபம் வீடு வீடாகப் போகிறது, இன்று அண்ணன் வீட்டு முறை. ஐம்பத்து மூன்று மணியும் உருட்டி முடியும் வரை என் கண் ஜன்னலுக்கு வெளியே தகரக் கொட்டகையில் நின்ற நீலக் காரின்மேல். மாதா மன்னிக்க வேண்டும்.

முடிந்ததும் கடலையும் பிளேன்டீயும். எல்லாரும் பேச்சில் இருக்க, நான் மெதுவாகக் கொட்டகைக்கு நழுவினேன். கதவு பூட்டவில்லை. சீட் பெல்ட்டை அடிவரை இழுத்துப் பார்த்தேன், வெள்ளத்துச் சேறு அங்கே கோடு விட்டுப் போகும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். சுத்தம். மண்டியிட்டுக் கார்பெட்டில் மூக்கை வைத்து மோந்தேன். சேற்று வாசம் இல்லை. தேயிலை வாசம், பெக்டரிக்குள் நுழைந்தால் வருமே அது. டீமேக்கர் கார் வேறு எப்படி மணக்கும்?

"தம்பிக்கு தல சுத்துதா?" பின்னால் செலின் அக்கா, அண்ணனின் மனைவி.

"இல்லக்கா. சாவி விழுந்திருச்சு." எங்கிருந்து வந்தது அந்தப் பொய்.

அவ்வளவுதான். அக்கா கத்தி எல்லாரையும் கூப்பிட்டார். ஜெபத்துக்கு வந்த முழுக்கூட்டமும் டோர்ச்சோடு கொட்டகையில். வயதானவர்கள், தொலைந்ததைக் கண்டு தரும் அந்தோனியாரை வேண்டிக்கொள்கிறார்கள். அண்ணன் தானே முட்டி போட்டு, சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் தேடுகிறார். சாவி என் கால்சட்டைப் பையில். கடைசியில் டயருக்குப் பக்கத்தில் 'கண்டெடுத்தேன்'. கூட்டம் அந்தோனியாருக்கு நன்றி சொன்னது.

வரும் வழியில் ரெ. "வீட்டச் சாத்தும்போது சாவிய நீங்க பையில போட்டத நான் பாத்தேன்" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளக் கதையையும். அவள் சிரிக்கவில்லை. "கேட்டா என்னா?" என்றாள். கேட்க முடியாது என்றேன். "ஒங்களால முடியாது" என்றாள்.

ஒக். 12, ஞாயிறு

பூசைக்குப் பிறகு கோயில் வாசல். தூறல். நான் வேண்டாம் வேண்டாம் என்று கண்ணைக் காட்டியும் ரெ. நேராகப் போய் நின்றாள்.

"அண்ணே, கார் வெள்ளத்துல நின்னுச்சுன்னு பேசிக்கிறாங்களே, மெய்யா?"

"மெய்தான்" என்றார் அண்ணன், பஸ் போய்விட்டதா என்று கேட்டதற்குப் பதில் சொல்வது போல. "தங்கச்சி வாசல்ல நிப்பாட்டியிருந்தேன். விடிஞ்சு பாத்தா பாதி டயருக்கு தண்ணி. உள்ளுக்கும் பூந்து கார்பெட் எல்லாம் ஊறிப்போச்சு. இஞ்சினுக்கு ஏறல."

"பொறகு?"

"பொறகென்னா. சீட்டு, கார்பெட்டு எல்லாத்தையும் கழட்டி பெக்டரிக்கு கொண்டு போயிட்டேன். மழையில கொழுந்து கொறவு. கொழுந்து வாட்டுற மாடியில ஒரு தட்டு சும்மா கெடந்துச்சு. அதுல விரிச்சுப் போட்டு, அடியில பேன போட்டு விட்டேன். கொழுந்துக்கு எப்படி காத்து விடுவமோ அப்படியே, பொரட்டிப் பொரட்டி. தோட்டத்து தொரை மேல வந்து பாத்துட்டு, டீமேக்கர், இது என்னா கிரேட்டு தேயிலன்னு கேட்டாரு."

தேயிலை வாசம் எங்கிருந்து வந்தது என்று இப்போது விளங்கியது.

"இத மொதல்லயே சொல்லக் கூடாதாண்ணே?" ரெ.தான்.

"தோட்டத்துக்கே தெரிஞ்ச கதை. தம்பிக்கும் தெரியும், தெரிஞ்சுதான் கேக்காம இருக்காருன்னு நெனச்சேன். நேத்து தரையில மூக்க வச்சிக்கிட்டிருந்தாருன்னு செலின் சொன்னப்பதான் வெளங்கிச்சு." என் பக்கம் திரும்பினார். "ஒங்க பையில சாவி சத்தம் கேட்டுச்சு தம்பி. நாலு பேர் முன்னுக்கு சொல்ல வேணாம்னுதான் நானும் தேடுனேன்."

முட்டி வலிக்காரர். மாத்திரை கொடுப்பதே நான்தான். தெரிந்துகொண்டே எனக்காக மண்டியிட்டுத் தேடியிருக்கிறார். குடையை மடக்கினேன், மழை பெய்துகொண்டிருக்கும்போதே.

"என் ஞானமக போற வண்டி" என்றார். "என் வாய நம்ப வேணாம். டவுனுக்கு கொண்டு போயி மெஷின்ல போட்டுப் பாருங்க. சரியில்லன்னு வந்தா, நான் வேற ஆளுக்கும் குடுக்க மாட்டேன்."

மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

ஒக். 14, செவ்வாய்

மறுபடி லீவு. தொரை முகம் சுளித்தார், கொடுத்தார்.

அதே இடம்தான், வெளிக் கார்களையும் கட்டணம் வாங்கிப் பரிசோதிக்கிறார்கள். நீலக் காரை அண்ணனே ஓட்டி வந்தார். நிலூஷி என்னைப் பார்த்ததும், இன்றைக்குக் கல் கொண்டு வரவில்லையா மாத்தயா என்றாள் சிங்களத்தில். கொண்டு வந்திருந்தோம், பின்பக்கத்தில். அண்ணன் எடுத்துக் காட்டினார். ரெ. உட்பட எல்லாரும் சிரிப்பு.

காரைத் தூக்கி வைத்து இரண்டு மணி நேரம் பார்த்தார்கள். அண்ணன் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், ஆஸ்பத்திரி ஓ.பி.டி. வாசலில் சொந்தக்காரர் நிற்பது போல நின்றார். டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, "தூள் மோசம்" என்றார்.

முடிவு: இஞ்சின் நல்லது. பிரேக் நல்லது. பின் சீட்டுக்கடியில் ஆணிகளில் துரு. ஒரு வயர் இணைப்பில் பச்சை பிடித்திருக்கிறது, மாற்ற வேண்டும். கடைசியில் ஒரு வரி: வாகனம் நீரில் நின்றிருக்கிறது, நன்றாக உலர்த்தப்பட்டிருக்கிறது.

யார் உலர்த்தியது என்று நிலூஷி கேட்டாள். கொழுந்து வாட்டும் மாடி என்று சொன்னதும் பரிசோதகரையும் கூப்பிட்டு இன்னொரு தரம் சொல்ல வைத்தாள்.

ஆனால் இது ரிப்போர்ட் மட்டும், சேர்ட்டிபிகேட் இல்லை, உத்தரவாதம் கிடையாது என்று இரண்டு தரம் சொன்னாள். வெள்ளைக் கார் இன்னும் இருக்கிறது, எது வேண்டும் என்றாள்.

அப்போது உண்மையைச் சொல்லிவிட்டேன். எங்கள் ரோடு நல்ல ரோடு இல்லை. பாதி கொங்கிரீட், பாதி களிமண், நடுவில் ஆளுயரப் பள்ளம். (ஆளுயரம் கொஞ்சம் கூடுதல். பொய் சொல்லி வந்த பழக்கம்.)

அவள் கோபிக்கவில்லை. "ஏக தமய் மம ஏஹுவே" என்றாள். அதற்காகத்தான் கேட்டேன் என்று. வெள்ளைக் கார் நல்ல கார், ஆனால் அந்த ரோட்டில் ஒரு மாதத்தில் அடிப்பக்கம் போய்விடும், அதற்கு உத்தரவாதமும் செல்லாது என்றாள். கேட்டதற்கு உள்ளதைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே வேலை முடிந்திருக்கும். இவளிடம் பொய் சொன்னேன், அண்ணனிடம் கேட்கவே இல்லை. ரெ. இல்லையென்றால் நான் எதை வாங்கியிருப்பேன்?

ஒக். 15, புதன்

வயர் இணைப்பு மாற்றியாயிற்று.

நல்ல மழை பார்த்து ஏற்றிப் பார்ப்போம் என்றார் அண்ணன். நாலு மணிக்குப் பிடித்த மழை. நான் ஓட்ட, பக்கத்தில் அண்ணன், பின்னால் ரெ., செலின் அக்கா, மடியில் கடையில் வாங்கிய அரிசி மூட்டை. களிமண் வளைவு வந்ததும் அண்ணன் முன்னால் சாய்ந்தார். "ரெண்டாம் கியர். கிளச்சுல இருந்து கால எடுங்க. அதுவே போகும்." போனது. ஒரு தரம் பின்பக்கம் ஆடியது, செலின் அக்கா அந்தோனியாரைக் கூப்பிட்டார், பிறகு போனது.

மேலே நிறுத்தினேன். இறங்கி டயருக்குக் கல் வைத்தேன்.

நீலம்.

சிஸ்டருக்குப் போன் செய்தேன். கட்டில் வேண்டாம் என்றேன். "நல்லதுங்க. கலவானயில இருந்து ஒரு பிள்ளை கேட்டுக்கிட்டே இருக்கு, அதுக்குக் குடுக்குறேன்" என்றார். மெ.யிடம் சொன்னதும் "சரிப்பா" என்றாள், அதே குரலில். பிறகு இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டாள்.

ஒக். 22, புதன்

பகல் முழுக்க மழை. பக்கத்து லய வீடுகளிலிருந்து வந்த தீபாவளி முறுக்கு இன்னும் தீரவில்லை. டிஸ்பென்சரியில் வயிற்றுவலிக் கூட்டம், பண்டிகை கழித்து வழக்கமானது.

கார் வந்து முதல் மாலை வகுப்பு. ஆறேகாலுக்கே கஹவத்தை பஸ் ஸ்டாண்டில் போய் நின்றுவிட்டேன். ஏழரைக்குத்தான் வந்தாள். பாதி நனைந்து, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. ஏறியதும், "கார் டீ வாசம்பா" என்றாள். வகுப்பில் நடந்த ஏதோ நொதியம் பற்றிச் சொல்லத் தொடங்கினாள், பாதியில் நிறுத்தினாள். பார்த்தால் வாயைத் திறந்துகொண்டு தூக்கம். களிமண் வளைவைத் தூங்கியே கடந்தாள். நான்தான் வியர்த்தேன்.

வாசலில் நிறுத்தினேன். விழித்து இறங்கியவள், நான் சொல்லாமலே பின்பக்கத்தைத் திறந்து கல்லை எடுத்து டயருக்கு வைத்தாள். மழையில், பையை முதுகில் மாட்டிக்கொண்டே. பிறகுதான் உள்ளே ஓடினாள். கொஞ்ச நேரம் இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு சந்தோஷமாக இருந்து நாளாயிற்று.

உள்ளே ரெ. சிவப்பு நூலும் கையுமாக. தைத்ததைப் பிரிக்கிறாள் என்று நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் புதுப் போர்வையில் 'மெ' என்று தைத்துக்கொண்டிருக்கிறாள்.

"அதான் விடுதி வேணாம்னு ஆச்சே. இன்னும் எதுக்கு?"

"ரெண்டு வருஷத்துல கெம்பஸ் போவாள்ல" என்றாள், தலை நிமிராமல். "அங்க கார்ல போயி கூட்டிட்டு வர முடியுமா?"

போய் மூன்று தட்டு எடுத்து வைத்தேன்.